பழைய பைக் காபரேட்டரின் சின்ன ஸ்குரூக்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின் தாழ்வாரத்தில் பழைய பைக் காபரேட்டர்களை, அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தை, கழற்றிப் பூட்டுவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு பழைய ஹொண்டா எம்டி 90க்கும் சிடி 125க்கும் திடீரென்று மவுசு வந்தது. பிறகு 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற பைக்குகளின் காபரேட்டருக்குள் பெற்றோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு காரணத்தாலும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் கேட்கத் தொடங்கினார்கள். வியப்பு என்னவென்றால் ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு) சைஸ், டியூனிங் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. முக்கால்வாசிப் பேர் கேட்டது இந்தச் சின்ன ஸ்குரூக்களைப் பற்றித்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அண்ணா, காபரேட்டர் ஸ்குரூவுக்கு லொக்டைட் போடணுமா வேண்டாமா? ஒரே சொல்லில சொல்லுங்க.

லொக்டைட் என்பது ஸ்குரூ கழலாமல் இருக்க மரையில் வைக்கும் பசை. ஒரே சொல்லில் என்றால், பெரும்பாலும் வேண்டாம்.

கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால், ஒவ்வொரு ஸ்குரூவையும் கையில் எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது கழன்றால் எங்கே போய் விழும்? அடியில் பெற்றோல் தேங்கும் பவுலின் ஸ்குரூ கழன்றால் ரோட்டில் விழும், பெற்றோல் சொட்டும், மணம் வரும், நீங்கள் நிறுத்திப் பார்ப்பீர்கள். ஜெட் கழன்றால் பவுலுக்குள் விழும், பைக் தடுமாறும், ஆனால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. காற்றுக்குழாயைத் திறந்து மூடும் பட்டர்பிளை தகட்டைப் பிடிக்கிற இரண்டு ஸ்குரூவில் ஒன்று கழன்றால் அது நேராக எஞ்சினுக்குள் போகும். லொக்டைட்டும், ஸ்குரூவின் நுனியைத் தட்டிப் பிதுக்குவதும் அந்தக் கடைசி வகைக்குத்தான். மற்றதற்கெல்லாம் சரியான மரை, சரியான வாசர், சரியான இறுக்கம் போதும்.

நல்லா இறுக்கித்தானே விட்டேன், பிறகு எப்படித் தானா கழருது?

ஸ்குரூவை இறுக்கும்போது அது மிகமிகச் சிறிதளவு நீளுகிறது, ஸ்பிரிங் மாதிரி. அந்த இழுவைதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதிர்வில் அந்தப் பாகங்கள் பக்கவாட்டில் மயிரிழை அளவு நகரத் தொடங்கினால் மரையில் உள்ள உராய்வு விட்டுக்கொடுத்து, ஸ்குரூ கொஞ்சங் கொஞ்சமாகத் தானே பின்னோக்கிச் சுற்றும். 1969இல் ஜுங்கர் என்ற ஜெர்மன் பொறியியலாளர் இதைப் பரிசோதனையில் காட்டினார். மேலும் கீழுமான அதிர்வைவிடப் பக்கவாட்டு அசைவுதான் மோசம் என்பது அவர் கண்டது.

காபரேட்டர் ஸ்குரூ குட்டையானது, அதனால் நீளுவதும் குறைவு. அதன் கீழே, பெற்றோல் கசியாமல் இடையில் வைக்கும் அமுங்கக்கூடிய காஸ்கட் வேறு. புதுக் காஸ்கட் சூட்டிலும் பெற்றோலிலும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் கொடுத்த இழுவையில் ஒரு பங்கு போய்விடும். ஒற்றைச் சிலிண்டர் பைக் என்றால் அதிர்வுக்குப் பஞ்சமே இல்லை.

ஸ்டார் ஸ்குரூ டிரைவர் வச்சாலே தலை வழுக்கி உடையுது, மெட்டீரியல் அவ்வளவு மட்டமா?

மெட்டீரியலைக் குறை சொல்லாதீர்கள், டிரைவர்தான் பிழை. ஜப்பான் பைக்கில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தொழில் தரத்துச் சிலுவைத் தலை. நம் வீட்டில் கிடப்பது பிலிப்ஸ். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பிலிப்ஸ் நுனி அடியில் முட்டிக்கொள்வதால் பக்கச் சுவர்கள் முழுதாகப் பொருந்தாது, திருகினால் மேலே ஏறி வழுக்கும். நான் முதன்முதலில் கழற்றிய காபரேட்டரில் பவுல் ஸ்குரூ நான்கில் மூன்றின் தலையை இப்படித்தான் கிண்ணமாக்கினேன். நல்ல ஜே.ஐ.எஸ். நுனி டிரைவர் ஒன்று வாங்குங்கள். வெசல் மாதிரியான ஜப்பான் தயாரிப்புகள் தேடினால் கிடைக்கும். 2ஆம் நம்பர் நுனி எம்4, எம்5 (4, 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்குரூ) இரண்டுக்கும் சரி.

ஸ்குரூவின் தலைக்குழியில் காய்ந்த பெற்றோல் பிசினும் மண்ணும் இருக்கும். அதை ஊசியால் சுரண்டி எடுத்த பிறகுதான் டிரைவரை வைக்க வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டால் எந்த டிரைவரும் உதவாது.

தலை ஏற்கெனவே போயிட்டுது. இப்ப என்ன செய்ய?

பதறாமல் முதலில் பெற்றோலை முழுதாக வடித்து, காபரேட்டரைக் காற்றுப்படும் இடத்தில் காயவிடுங்கள், ஏனென்றால் அடுத்து சூடு காட்டப் போகிறோம். ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். அப்புறம் சரியான நுனியை வைத்து டிரைவரின் பின்பக்கத்தில் சுத்தியலால் நறுக்கென்று ஒரு தட்டு, அதோடு திருப்பு. கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் நல்லது, ஆனால் காபரேட்டர் உடல் வார்ப்பு உலோகம், கீழே மரக்கட்டை கொடுத்து அளவாகத்தான் அடிக்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனை நன்றாகச் சூடாக்கி ஸ்குரூவின் தலையில் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சூடு ஸ்குரூவுக்குள்தான் போகும், பக்கத்து ரப்பரும் பிளாஸ்டிக்கும் தப்பும். தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வகையென்றால் பூட்டிக்கொள்ளும் குறடால் பக்கவாட்டில் கவ்வித் திருப்பலாம். கடைசி வழி தலையை டிரில் பண்ணி எடுப்பது. தலை போனதும் இழுவை விட்டுவிடும், மிச்சத் தண்டைப் பெரும்பாலும் குறட்டாலேயே சுற்றி எடுக்கலாம்.

சின்னச் சாமான் தொலையாம எப்படி வைக்கிறீங்க? எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒண்டு காணாமப் போகுது.

வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள், விழுந்தாலும் உருளாது. கழுவிய யோகட் கப் ஐந்தாறு எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியின் ஸ்குரூ: பவுல் ஒன்றில், மேல் மூடி ஒன்றில், சோக் ஒன்றில். நீளம் வித்தியாசமான ஸ்குரூ இருந்தால் ஒரு மட்டையில் காபரேட்டரின் படத்தைக் கீறி அந்தந்த இடத்தில் துளைபோட்டுக் குத்திவிடுங்கள். காந்தத் தட்டை நம்பி ஏமாறாதீர்கள். ஜெட், காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூ எல்லாம் பித்தளை, காந்தத்துக்கு அவை ஒட்டாது. வீட்டில் பூனை இருந்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பழைய ஸ்குரூவையே போடட்டா, இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் அலன் கீ ஸ்குரூ செட் வாங்கட்டா?

தலையும் மரையும் நல்லபடி இருந்தால் பழையதையே போடுங்கள். அதன் நீளமும் மரையும் உங்கள் காபரேட்டருக்கென்று வந்தவை.

அலன் கீ செட் வசதிதான், நானும் இரண்டு பைக்கில் போட்டிருக்கிறேன், ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அலன் கீயின் நீட்டுக் கையால் திருகும்போது பலம் தெரியாது, மரையை உருவிவிடுவது மிகச் சுலபம். மற்றது, ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்புக் காற்றில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கட்டும், ஸ்குரூ இறுகிப்போகும். கடலோரத்தில், அதுவும் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பைக்கை வெளியில் நிறுத்துபவர்களுக்கு இது கதை இல்லை. மரையில், இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் களிம்பைத் துளியளவு பூசிப் பூட்டுங்கள். பூசினால் மரை வழுவழுப்பாகிவிடும், அதே பலத்தில் திருகினாலும் கூடுதலாக இறுகும், அதனால் கையை இன்னும் இலேசாக்க வேண்டும்.

பஞ்சிகாவத்தையில வாங்கின ஸ்குரூ ரெண்டு சுத்துப் போய் இறுகுது. கொஞ்சம் பலமாத் திருகினால் போயிடுமா?

போகும், மரையையும் கூட்டிக்கொண்டு போகும். உடனே நிறுத்துங்கள். தடிப்பு ஒன்றாக இருந்தாலும் மரை இடைவெளி வேறாக இருக்கும். இன்றைய எம்4 ஸ்குரூவின் மரை இடைவெளி 0.7 மில்லிமீற்றர், எம்5க்கு 0.8. ஆனால் 1960களின் பிற்பகுதிக்கு முந்திய ஜப்பான் பைக்குகளில் பழைய அளவுகள்: எம்4க்கு 0.75, எம்5க்கு 0.9. புது அளவுக்கு மாறியபோது ஜப்பான்காரர்கள் ஸ்குரூவின் தலையில் ஒரு சிறு புள்ளிக் குழி வைத்தார்கள். இதைப் பலர் ஜே.ஐ.எஸ். சிலுவைத் தலையின் அடையாளம் என்கிறார்கள், அது உண்மையில் மரையைப் பற்றிய அடையாளம்.

பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்ற பிரிட்டிஷ் பைக் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வஞ்சகமான பொறி இருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சின்ன ஸ்குரூக்கள் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. 2 பி.ஏ. என்பது 4.7 மில்லிமீற்றர் தடிப்பு, 0.81 இடைவெளி. நம்முடைய எம்5 அதற்கு மிகக் கிட்ட. துளையில் வைத்தால் ஏதோ பொருந்துகிற மாதிரியே தொடங்கும், ஆனால் மரையின் கோணம் பி.ஏ.யில் 47.5 பாகை, மெட்ரிக்கில் 60. திருகத் திருக உள் மரையைச் சீவிக்கொண்டு போகும். கடைக்குப் போகும்போது பழைய ஸ்குரூவைக் கையோடு கொண்டுபோய், புதியதோடு மரையை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது உங்கள் ஸ்குரூ இல்லை.

ஸ்பிரிங் வாசர் கட்டாயமா? எந்தப் பக்கம் மேல வரணும்?

எந்தப் பக்கம் மேலே வந்தாலும் பரவாயில்லை, ஸ்குரூ தலைக்குக் கீழே இருந்தால் சரி. வந்த இடத்தில் வந்தபடி போடுங்கள். மேலே சொன்ன பக்கவாட்டு அசைவுக்கு முன்னால் ஸ்பிரிங் வாசர் பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதும் அந்த மாதிரிச் சோதனைகளில் தெரிந்துவிட்ட விஷயம்தான். அப்படியென்றால் ஏன் போட வேண்டும் என்றால், பவுல் மாதிரி இலேசாக இறுக்கும் இடத்தில், காஸ்கட் உட்காரும்போது அது கொஞ்சம் துரத்திப் பிடிக்கும், வாசரின் தடிப்பு இல்லாவிட்டால் ஸ்குரூ துளையின் அடியில் முட்டி இறுகின மாதிரி நடிக்கும். தட்டையாகிப் போன பழைய வாசரை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், சில்லறைச் சாமான்.

எவ்வளவு இறுக்கணும்? “கை இறுக்கம்” எண்டு எல்லாரும் சொல்லுறாங்க, யார்ர கை?

நியாயமான கேள்வி. எம்4 ஸ்குரூவுக்கு ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர். அதைக் கையில் உணர வேண்டுமென்றால் 10 சென்ரிமீற்றர் நீளக் கம்பியின் நுனியில் 2 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட பாரம். அவ்வளவுதான். டிரைவரின் பிடியை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காமல் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலுமாகப் பிடித்துத் திருகி, இறுகினதும் நிறுத்தினால் அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வரும்.

பவுலுக்கு நான்கு ஸ்குரூ என்றால் நான்கையும் விரலால் சுற்றி உட்காரவைத்து, பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இரண்டு சுற்றாக இறுக்குங்கள். தொடங்கும்போது ஒரு பழைய தந்திரம்: ஸ்குரூவைத் துளையில் வைத்து முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று ஓரிடத்தில் விழும். அங்கிருந்து முன்னோக்கிச் சுற்றினால் மரை குறுக்கே ஏறாது.

பவுல் ஸ்குரூ சும்மா சுத்துது, இறுகுதே இல்லை. லொக்டைட் ஊத்தினால் பிடிக்குமா?

பிடிக்காது. மரை உருவிப்போன துளையில் பசை ஊற்றுவது ஆடுகிற பல்லுக்குச் சுவிங்கம் ஒட்டுவது மாதிரி. முதலில் துளையின் ஆழத்தை ஈர்க்கால் அளந்து பாருங்கள். பல நேரம் அடியில் இரண்டு மூன்று மரை நல்லபடி மிஞ்சியிருக்கும், கொஞ்சம் நீளமான ஸ்குரூ போட்டால் கதை முடிந்தது, அடியில் முட்டாமல் இருந்தால் சரி.

இல்லாவிட்டால் ஹெலிகொயில், அதாவது உருவிய துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள். எம்4க்கு உரிய டிரில், மரை வெட்டும் டாப், கம்பிச் சுருள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். நிதானம் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். சில காபரேட்டர்களில் அந்தத் துளைக்குக் கீழேயே பெற்றோல் பாதை ஓடும், சுவர் மெல்லியது, ஆகவே டிரிலில் ஆழத்துக்கு அடையாளமாக ஒரு டேப் சுற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் பைக்குகளில் வரும் அமால் காபரேட்டர் போன்ற துத்தநாகக் கலவை உடல்கள் என்றால் லேத் வைத்திருக்கும் பாஸ் ஒருவரிடம் கொடுப்பதே மேல். நான் ஒன்றைக் கையால் டிரில் பண்ணிக் கோணலாக்கி, இப்போது அது என் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

பட்டர்பிளை ஸ்குரூ எண்டு பயமுறுத்துறீங்களே, அதில அப்படி என்ன இருக்கு?

சி.வி. வகைக் (எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் உள் ஸ்லைட் தானே ஏறி இறங்கும் வகை) காபரேட்டரில் திராட்டில் கேபிள் இழுக்கும்போது திரும்புவது ஒரு வட்டத் தகடு. ஒரு மெல்லிய தண்டின் பிளவுக்குள் தகட்டைச் செருகி இரண்டு சின்ன ஸ்குரூவால் பிடித்திருப்பார்கள். பழைய காபரேட்டர்களில் சோக்குக்கும் இதே மாதிரித் தகடு இருக்கும். அந்த ஸ்குரூக்கள் எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயின் நடுவே நிற்கின்றன. கழன்றால் அடுத்த மூச்சில் வால்வைத் தாண்டி உள்ளே. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் உருக்குத் துண்டு ஒன்று நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை நசிபட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டூ ஸ்ட்ரோக் என்றால் முதலில் கிராங்க் பெட்டிக்குள் போய் அங்கேயும் விளையாடிவிட்டு வரும்.

அதனால்தான் கம்பனியில் அந்த ஸ்குரூவின் வால் நுனியைத் தட்டிப் பிதுக்கி விரித்துவிடுகிறார்கள், பின்னோக்கிச் சுற்ற முடியாதபடி. என் அறிவுரை: தண்டின் சீல் போகவில்லை, தண்டு ஆடவில்லை என்றால் அந்தத் தகட்டைத் தொடவே தொடாதீர்கள். தகட்டோடேயே கழுவலாம். தேவையில்லாமல் கழற்றி வம்பை விலைக்கு வாங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறார்கள்.

சரி, கழட்டத்தான் வேணும். எப்படிக் கழட்டி எப்படிப் பூட்ட?

பிதுக்கிய நுனியோடு ஸ்குரூவைத் திருகினால் ஒன்று தண்டின் மரை போகும், அல்லது ஸ்குரூ உள்ளேயே முறியும். சின்ன அரத்தால் நுனியைத் தண்டின் மட்டத்துக்குத் தேயுங்கள், தண்டைத் தேய்க்காமல். அதற்குப் பிறகு ஜே.ஐ.எஸ். டிரைவர். கழற்றுமுன் தகடு எந்தப் பக்கம், எந்த விளிம்பு மேலே என்று அடையாளம் போடுங்கள். தகட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. இலக்கம் பொறித்திருந்தால் அது எந்தத் திசை பார்த்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது எப்போதும் புது ஸ்குரூ. மரைகளைக் காபரேட்டர் கிளீனரால் கழுவிக் காயவிட்டு, தகட்டைச் செருகி, இரண்டு ஸ்குரூவையும் தளர்வாக விட்டு, திராட்டிலை முழுதாக மூடுங்கள். தகடு தானாகவே துளையின் நடுவில் உட்காரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுற்றிவர ஒரே அளவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் ஊசிமுனையளவு லொக்டைட் 222 வைத்து இறுக்குங்கள். ஊசிமுனை என்றால் ஊசிமுனைதான். கூடினால் தண்டோடு வழிந்து அதன் தாங்கிக்குள் போய் திராட்டிலையே ஒட்டிவிடும். இறுக்கிய பிறகு பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள், எங்கும் உரசாமல் சட்டென்று மூடவேண்டும்.

லொக்டைட் போட்டாச்சே, பிறகும் தட்டிப் பிதுக்கணுமா?

நான் இரண்டும் செய்வேன். பசை காய்ந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது, பிதுக்கியது தெரியும்.

இதில் ஸ்குரூ போவதைவிடத் தண்டு வளைவதுதான் வழமையான விபத்து. ஸ்குரூ தலைக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து, அந்தக் கம்பி வைஸில் நிற்க, காபரேட்டரை மற்றவர் ஒருவர் பிடித்துக்கொள்ள, கூர் நுனி உள்ள பஞ்ச் உளியால் வாலின் நடுவில் சின்னதாக இரண்டு தட்டு. எங்கள் வீட்டில் பிடிப்பது என் மகள், “அப்பா, கை மேல போட்டிடாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். அடி தண்டுக்குப் போகக் கூடாது, முட்டுக்கம்பிக்குப் போக வேண்டும். முட்டு இல்லாமல் அடிப்பதைவிட அடிக்காமலே விடுவது நல்லது.

நீலம், சிவப்பு, ஊதா, பச்சை எண்டு இருக்கே, ஏதாவது ஒண்டு போதாதா?

காபரேட்டருக்கு ஊதா, அதாவது 222. குறைந்த பலம், சின்ன ஸ்குரூவுக்கென்றே உள்ளது, நாளைக்குச் சாதாரண டிரைவரால் கழற்றலாம். கிடைக்காவிட்டால் நீலம் 243, அது நடுத்தரம், கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலும் பிடிக்கும். சிவப்பு 271 காபரேட்டருக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. பச்சை 290 பூட்டிய ஸ்குரூவுக்கு மேலே விட்டால் தானே உள்ளே ஊறும் வகை. கழற்றாமலே பட்டர்பிளை ஸ்குரூவுக்கு ஒரு சொட்டு விடலாம் என்று கெட்டித்தனமாகத் தோன்றும், ஆனால் ஊறுவது ஸ்குரூவோடு நிற்காது, தண்டின் தாங்கிக்கும் போகும்.

இன்னொன்று: காயாத லொக்டைட் சில பிளாஸ்டிக் வகைகளை வெடிக்க வைக்கும். பிளாஸ்டிக் மிதவை, பிளாஸ்டிக் சோக் நெம்பு இருக்கும் இடங்களில் அதை அண்டவிடாதீர்கள்.

ராத்திரி போட்டது காலமையும் தண்ணி மாதிரி இருக்கு. போலிச் சாமானா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் இதைப் பாருங்கள். இந்தப் பசை மற்றதைப் போலக் காற்றில் காயாது. காற்று இல்லாமல், உலோகத்தோடு தொட்டுக்கொண்டு இருந்தால்தான் இறுகும். புதுப் போத்தல் எப்போதும் பாதிதான் நிரம்பியிருப்பதும் அதனால்தான், கடைக்காரன் ஏமாற்றவில்லை. ஸ்குரூ தலையைச் சுற்றி வெளியே வழிந்தது ஈரமாகவே இருக்கும், உள்ளே காய்ந்திருக்கும். வெளியே உள்ளதைத் துடைத்துவிடுங்கள்.

உலோகமும் முக்கியம். பித்தளையிலும் சாதாரண உருக்கிலும் சீக்கிரம் இறுகும். ஸ்டெயின்லெஸ், துத்தநாகப் பூச்சு, அலுமினியம் என்றால் மந்தம். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, அலுமினிய உடல் என்றால் முழுதாக ஒரு நாள் விடுங்கள், அல்லது அதற்கென்றே உள்ள ஆக்டிவேட்டரை முதலில் அடியுங்கள். எப்படியிருந்தாலும் 24 மணித்தியாலம் கழியாமல் பெற்றோலை உள்ளே விடாதீர்கள்.

எங்கட தெருவில ஒரு பழைய மெக்கானிக் கியூட்டெக்ஸ் பூசுவார். அது சரியா?

வெளியே பூசினால் சரி, அழகாகவும் இருக்கும். ஸ்குரூ தலையிலிருந்து உடலுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால் அது அசைந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும், நானும் அப்படித்தான் செய்கிறேன். பெற்றோல் படும் உள்பக்கத்தில் அதை நம்ப முடியாது, உரிந்த தோல் ஜெட்டில் போய் அடைக்கும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், சூட்டையும் அதிர்வையும் தாங்காது.

ஜெட்டுகளுக்கு ஏதாவது போடணுமா? என்ர மெயின் ஜெட் ஒருக்கா கழண்டு பவுலுக்குள்ள கிடந்துது.

எனக்கும் நடந்திருக்கிறது. ஆமர் வீதிச் சந்தியில் சிக்னலில் நின்று கிளம்பினால், மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, திராட்டிலைப் பாதிக்கு மேல் திறந்ததும் கறுப்புப் புகையோடு முக்கி முனகும். பவுலைக் கழற்றினால் ஜெட் அடியில் கிடந்து சிரிக்கிறது. பிழை என்னுடையதுதான், விரலால் சுற்றிவிட்டு இறுக்க மறந்துவிட்டேன்.

ஜெட்டுக்கு எந்தப் பசையும் வேண்டாம், துளையில் போய்விட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டி வரும். தோள் போய் உட்காரும்வரை சுற்றி, வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை டிரைவரால் இலேசாக ஓர் இறுக்கு. பித்தளை மென்மை, மேலே சொன்ன மூன்று விரல் பிடியே இங்கு அதிகம்.

ஊசி கிளிப்பும் மிதவை ஊசியும் பறந்து போகுதே?

பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியில் உள்ள அந்த ‘இ’ வடிவக் கிளிப்பைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கை இரண்டையும் ஒரு பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள் விட்டுச் செய்யுங்கள். பறந்தாலும் பைக்குள் பறக்கும். எத்தனையாவது காடியில் இருந்தது என்று மேலிருந்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கிளிப்பை மேல் காடிக்கு ஏற்றினால் ஊசி கீழே இறங்கிப் பெற்றோல் குறையும். மாட்டிய பிறகு கிளிப் விரலால் தள்ளச் சுற்றலாம், ஆனால் ஆடக் கூடாது. ஆடினால் புதிது.

மிதவையைத் தாங்கும் அச்சு ஊசி (‘பின்’ என்பது) வேறு விதத்தில் பொல்லாதது. அதைத் தாங்கும் இரண்டு தூணும் வார்ப்பு உலோகம், ஒரு பக்கம் இறுக்கமாக இருக்கும். தலை உள்ள பின் என்றால் தலையில்லாத பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளுங்கள், தூணுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து. சுத்தியலைத் தூக்கினால் தூண் முறியும், முறிந்தால் உடலே போச்சு. தளர்வாகப் போகிற பின்னை ஒட்டாதீர்கள், தடிப்புச் சரியான புதுப் பின் தேடுங்கள்.

ஏர் ஸ்குரூ ஓட ஓடத் தானே சுத்தி டியூனிங் மாறுது. லொக்டைட்டா, டெஃப்லான் டேப்பா?

இரண்டும் இல்லை. அது சுற்றாமல் பிடிப்பது ஸ்பிரிங்கின் அழுத்தமும் ஓ-ரிங்கின் உராய்வும். களைத்த ஸ்பிரிங், கல்லாகிப் போன ஓ-ரிங் இரண்டையும் மாற்றினால் சரியாகிவிடும். பல ஜப்பான் காபரேட்டர்களில் ஸ்குரூவில் முதலில் ஸ்பிரிங், அடுத்தது சின்ன வாசர், கடைசியில் ஓ-ரிங். வாசரை விட்டுவிட்டால் ஸ்பிரிங் ஓ-ரிங்கைக் கடித்துத் துண்டாக்கும். அமால் கொன்சென்ட்ரிக் மொடலில் ஓ-ரிங் மட்டும்தான் பிடி, அது காய்ந்தால் ஸ்குரூ ரோட்டோடு போய்விடும். டேப்பின் இழை பைலட் பாதையில் (ஐட்லிங்கில் பெற்றோல் போகும் சிறு வழி) அடைத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எனக்குத் தின்றிருக்கிறது.

மேனிஃபோல்டில பிடிக்கிற ரெண்டு நட்டையும் உயிர்போக இறுக்கியும் காத்து இழுக்குது. இன்னும் இறுக்கட்டா?

நீங்கள் இறுக்கியதால்தான் இழுக்கிறது. எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டோடு காபரேட்டரை இரண்டு பக்கமும் நட் இழுக்க, நடுவில் ஓ-ரிங் முட்டிக்கொண்டு நிற்க, காபரேட்டரின் விளிம்பு வில் மாதிரி வளைந்துவிடும். அமால் காபரேட்டர்களுக்கு இது பழைய வியாதி. கழற்றி, எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் கண்ணாடித் தட்டில் தண்ணீர் போட்டு உரசும் எமரித் தாளை வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்து மட்டமாக்கலாம், உள்ளே தூள் போகாமல் துளைகளை அடைத்துக்கொண்டு.

பூட்டும்போது புது ஓ-ரிங், நைலோன் வளையம் வைத்த நைலொக் நட். நைலொக் இறுக்கமில்லாமலே பிடித்துக்கொள்ளும் என்பதால் கழன்றுவிடும் என்ற பயத்தில் மிகையாக இறுக்க வேண்டியதில்லை. இரண்டையும் கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றி மாற்றி.

முந்தி வச்சிருந்த ஆள் எல்லாத்துக்கும் சிவப்பு ஊத்தியிருக்கிறார். கழட்ட வழியிருக்கா?

அவருக்குத்தான் எங்கேயோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது. சிவப்பு தன் பிடியை விட வேண்டுமென்றால் 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏற வேண்டும். துத்தநாகக் கலவை 380 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும், அதனால் கேஸ் விளக்கால் ஊதுவது சூதாட்டம். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தலை போன ஸ்குரூ பற்றிய பதிலில் சொன்ன சோல்டரிங் அயன் முறையில் ஒவ்வொரு ஸ்குரூவாகச் சூடாக்கி, சூடு ஆறுமுன் திருப்புங்கள். வெளியே வந்த பிறகு மரையில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தூளைப் பித்தளைப் பிரஷால் எடுத்து, உள் மரையை அதே அளவு டாப்பைக் கையால் ஓட்டிச் சுத்தப்படுத்துங்கள். அந்தத் தூளும் ஜெட்டைத் தேடித்தான் போகும்.

எல்லாம் பூட்டியாச்சு. கொஞ்சம் ஓடின பிறகு திரும்ப இறுக்கிப் பார்க்கணுமா?

பவுலும் மேல் மூடியும் பார்க்க வேண்டும். புதுக் காஸ்கட் போட்டிருந்தால் நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியதும், ஒவ்வொன்றையும் அதே மூன்று விரலால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எட்டில் ஒரு சுற்று போகும், அதோடு விடுங்கள். மேனிஃபோல்ட் நட்டையும் அப்போதே தொட்டுப் பார்க்கலாம்.

பட்டர்பிளை ஸ்குரூவை மட்டும் டிரைவரால் சோதிக்காதீர்கள். காய்ந்த பசையை நீங்களே உடைத்துவிடுவீர்கள். ஏர் பில்டரைக் கழற்றி, டார்ச் அடித்து, கியூட்டெக்ஸ் கோடு நேராக இருக்கிறதா என்று வெளி ஸ்குரூக்களையும், பிதுக்கிய வால் அப்படியே இருக்கிறதா என்று உள்ளேயும் பார்த்தால் போதும். அடுத்த தடவை பிளக் மாற்றும்போது இன்னொரு தரம் பாருங்கள்.